இலையின் இடப்பக்கம்

நான் பரிமாறிய சோற்றை மாமனார் தொடவில்லை என்று என்னைப் பிறந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்ப ஏற்பாடு நடந்தது. எனக்குக் கல்யாணமாகி வருஷம் திரும்பவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் எங்கள் பக்கம் அப்படி அனுப்பப்பட்ட பெண்கள் லேசில் திரும்பி வந்ததில்லை. நான் போகவே இல்லை. அதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் தலை கொஞ்சம் நிமிரத்தான் செய்கிறது. ஜெயித்த கதையை எதற்கு அடக்கமாகச் சொல்ல வேண்டும்?

நான் சூலூர்ப் பக்கத்துப் பெண். மூன்றாம் பாரம் வரை படித்தவள். வாழ்க்கைப்பட்ட ஊர் கோயமுத்தூரிலிருந்து பாலக்காடு போகும் சாலையில், மதுக்கரைக்கு இந்தப் பக்கம். பருத்தியும் சோளமும் விளையும் பூமி, பெரிய கிணறு, நடுவில் முற்றம் வைத்த தொட்டிக்கட்டு வீடு. வீட்டுக் கூடத்துக்கு மாமனார் அப்போதுதான் சிமெண்டுத் தரை போட்டிருந்தார். ஊரிலேயே முதல் சிமெண்டுத் தரை. வருகிற உறவுக்காரர்களை, எங்கள் பக்கத்துச் சொல்லில் உறம்பரையை, எல்லாம் காலால் தடவிப் பார்க்கச் சொல்லிப் பெருமைப்படுவார். அந்தத் தரையைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது எனக்குப் பெரிய உதவி செய்தது.

மாமனார் நல்ல மனிதர், ஆனால் முறுக்கு அதிகம். டவுனிலிருந்து பஸ்ஸில் அவருக்குப் பேப்பர் வரும். அவர் தோட்டத்திலிருந்து திரும்புவதற்குள் நான் அதை ஒரு வரி விடாமல் படித்து, மடிப்புக் கலையாமல் வைத்துவிடுவேன். ஒரு நாள் அவர் உறம்பரைக்கு ஒரு சேதியைப் படித்துச் சொல்ல ஆரம்பிக்க, சமையலறை வாசலில் நின்ற நான் முந்திக்கொண்டு மீதியைச் சொல்லிவிட்டேன்.

"பேப்பரு எனக்கு வருதா, உனக்கு வருதா அம்மணி?" என்றார்.

"நான் படிச்சா எழுத்து தேஞ்சா போயிருமுங்க மாமா?" என்றேன்.

உறம்பரை சிரித்துவிட்டார்கள். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனார். மறுநாள் காலையில் கிணற்று மேட்டில் சாய்ந்து விழுந்தார். இரண்டையும் முடிச்சுப் போட ஊருக்கு எவ்வளவு நேரமாகும்? மருமகள் வாய்க்கு மாமனார் பலியாகப் பார்த்தார் என்று பேசிக்கொண்டார்கள்.

வாடகைக் கார் பிடித்து டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். இடது கையும் இடது காலும் விழுந்திருந்தன. டாக்டர் என் வீட்டுக்காரரிடம் சொன்னதை நான் கதவோரம் நின்று கேட்டேன். தலையின் வலது பக்கத்து மூளையில் ரத்தம் போகும் குழாய் அடைத்துக்கொண்டது, உடம்பின் இடது பக்கத்தை ஆட்டி வைப்பது வலது மூளைதான், அதனால்தான் கையும் காலும் இப்படி என்றார். வலம் இடமாக, இடம் வலமாக! சாமி எதற்கு இப்படி நூலைக் குறுக்கே மாட்டியது என்று எனக்கு ஒரே ஆச்சரியம். வண்டியில் திரும்பும் வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.

மாமனார் பிழைத்துக்கொண்டார். பேச்சு கெடவில்லை. அறுப்புக் காலம் வருவதற்குள் காலை ஊன்றி நடந்தார், கையில் சொம்பைப் பிடித்தார். கையும் காலும் வந்துவிட்டதால் நோயும் போய்விட்டது என்று எல்லோரும் நினைத்தோம். அங்கேதான் சிக்கல். நோய் போய்விட்டதென்றால், அதற்கப்புறம் அவர் செய்வதெல்லாம் அவர் வேண்டுமென்றே செய்வது என்றுதானே ஆகும்?

அவர் என்னைப் பார்ப்பதில்லை. நான் பேசினால் பதில் இல்லை. கூடத்தில் அவர் எப்போதும் கிழக்கு பார்த்து உட்காருவார். அவருக்கு இடக்கைப் பக்கம் சமையலறை வாசல். மாமனார் எதிரில் மருமகள் குறுக்கே நடப்பது அந்த வீட்டில் மரியாதை இல்லை என்பதால், நான் அந்த வாசலை ஒட்டியே நிற்பேன், அங்கிருந்தே குனிந்து பரிமாறுவேன். மாமியார் அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்து விசிறுவார். மாமியாரிடம் சிரித்துப் பேசுவார், மகனிடம் வெள்ளாமை விசாரிப்பார். நான் ஒருத்தி நிற்பதே அவருக்குத் தெரியாது.

சாப்பாடு அதைவிட மோசம். நுனி இலையை, நுனி அவருக்கு இடப்பக்கம் வரும்படி, முறைப்படிதான் போடுவேன். இலையில் பாதி காலியாகும், பாதி அப்படியே இருக்கும். குவித்த சோற்றில் நடுவே வரப்பு கட்டினாற்போல ஒரு கோடு விழும். கோட்டுக்கு வலப்பக்கம் துடைத்துவிட்ட மாதிரி சுத்தம். இடப்பக்கம் நான் வாசலிலிருந்து வைத்த அவரைக்காய்ப் பொரியல், தட்டப்பயறுக் கடைசல், எல்லாம் கைபடாமல் இருக்கும். வலக்கோடியில் மாமியார் வைத்த ஊறுகாயைக்கூட வழித்துத் தின்றிருப்பார். கடைசியில் ஒரு அதட்டல்:

"இந்த ஊட்டுல அரை வயித்துக்குத்தான் சோறு போடுவீங்களா? இன்னும் கொஞ்சம் போடச் சொல்லு!"

இலையில் பாதிச் சோறு இருக்க, இன்னும் சோறு கேட்கிறார் என்றால் என்ன அர்த்தம்? மாமியார் ஒரே அர்த்தம்தான் கண்டார். எங்கள் பக்கம் ஒருவர் வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டால் உறவு முறிந்தது என்று பொருள். இவர் வாயால் சொல்லவில்லை, இலையில் காட்டுகிறார் என்று முடிவு செய்துவிட்டார்.

"அவிய உன்ற கைச்சோத்தத் தொட மாட்டீங்கறாங்க. நானென்ன பண்ணட்டும் புள்ள? சித்த நாளைக்குப் பொறந்த ஊட்டுல இருந்துட்டு வா. அவிய மனசு ஆறட்டும்" என்றார்.

மாமியார் கொடுமைக்காரி இல்லை. சொல்லும்போது அவர் கண்ணே கலங்கியிருந்தது. என் வீட்டுக்காரர் மில்லில் வேலை பார்த்தார். சைக்கிளில் போய்ச் சைக்கிளில் வருவார், போகும்போதும் வரும்போதும் வாய் திறக்க மாட்டார். என் அப்பாவுக்கு ஆள் போயிற்று. வருகிற வெள்ளிக்கிழமை வந்து அழைத்துப் போகிறேன் என்று அவரும் சொல்லி அனுப்பிவிட்டார். எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகமாக வந்தது. ஒரு பேப்பருக்காகவா?

அந்த ஆத்திரத்தோடு மறுநாள் களத்தில் காய்ந்த வரமிளகாயை அள்ளிக்கொண்டு வந்தேன். சமையலறைக்குச் சுற்றிப் போக மனசில்லை. இனி எனக்கென்ன மரியாதை என்று நேரே தெற்கு வாசல் வழியாகக் கூடத்துக்குள் நுழைந்தேன். மாமனார் அவர் இடத்தில் உட்கார்ந்திருந்தார். தெற்கு வாசல் அவருக்கு வலக்கைப் பக்கம். தலை நிமிர்ந்தது. முகமெல்லாம் சிரிப்பு.

"வா கண்ணு! எப்ப வந்தே? பொறந்த ஊட்டுல எல்லாரும் சௌக்கியமா? இத்தன நாளா உங்கப்பன் உன்னைய உடவே இல்லியா?"

தினமும் மூன்று வேளை இந்த மனிதருக்குச் சோறு போடுகிறேன். இவர் என்னை ஊரில் இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்!

"நான் எங்கீங்க மாமா போனேன்? இங்கயேதானுங்க இருக்கறேன்" என்றேன். அவர் நம்பவில்லை. போய்க் கை கால் கழுவிக்கொள், பஸ்ஸில் வந்த களைப்பாக இருக்கும் என்றார். நான் சமையலறை வாசலுக்குப் போய் நின்று, "மாமா" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. உரக்கக் கூப்பிட்டேன். வலப்பக்கம் திரும்பித் தெற்கு வாசலில் என்னைத் தேடினார். எனக்கு அந்த நிமிஷத்தில் டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. வலது மூளை, இடது பக்கம். கையும் காலும் மட்டும்தான் இடப்பக்கமா? சமையலறை வாசலும் இடப்பக்கம்தானே? இலையின் நுனியும் இடப்பக்கம்தானே? அங்கே நிற்கிற நானும்?

அப்புறம் நான் சும்மா இருப்பேனா? அவரைக் கவனிப்பதே வேலையாகிவிட்டது. பேப்பரை விரித்து உரக்கப் படித்தார். ஒவ்வொரு வரியிலும் பின்பாதிதான் வாயில் வந்தது. தலையும் இல்லாமல் காலும் இல்லாமல் என்னமோ வந்தது. "எழுதறவனுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு" என்று பேப்பரை எறிந்தார். வெளியே கிளம்பும்போது வலது காலில் மட்டும் செருப்பு. இன்னொன்றை நாய் தூக்கிப் போய்விட்டது என்று வேலைக்காரனைத் திட்டினார். அது இடது காலுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. நான் போய் அதை எடுத்து வலக்கைப் பக்கம் வைத்தேன். "இங்கதாங் கெடக்குது, இத்தன நேரம் எங்க போச்சு?" என்று மாட்டிக்கொண்டு போனார். எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது.

மாமியாரிடம் ஓடினேன். "அத்தை, மாமாவுக்கு என்ற மேல கோவமில்லீங்க. இடப்பக்கம்னு ஒண்ணு இருக்கறதே அவியளுக்குத் தெரியலீங்க" என்றேன்.

"அவியளுக்குக் கண்ணு தெரியாதாட்டம் பேசறியே! ரெண்டு காடு தள்ளி மேயற எருமை யாருதுன்னு சொல்றாரு. உனக்குப் பாவமா இருந்தா அழுதுபோடு, கதை கட்டாதே" என்றார்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் யோசித்தார். "டாக்டரு ஒண்ணும் சொல்லலியே" என்றார். அவ்வளவுதான். கண் நன்றாக இருக்கிறது, காது நன்றாக இருக்கிறது, புத்தி நன்றாக இருக்கிறது. அப்படியிருக்க உலகத்தில் பாதி ஒருவருக்கு எப்படி இல்லாமல் போகும்? நானே கேட்டிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். வாயால் சொல்லிப் பயனில்லை, எல்லோர் கண் முன்னும் காட்ட வேண்டும் என்று தீர்மானித்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. அப்பா சவாரி வண்டியில் வந்து இறங்கினார். சம்பந்தி வந்திருக்கிறார் என்பதால் விருந்து. நான்தான் சமைத்தேன், கடைசிச் சமையல் என்று மாமியார் நினைத்திருப்பார். மாமனாருக்கு உயிரான ஒப்புட்டு சுட்டேன். பருப்பும் வெல்லமும் பூரணமாக வைத்துத் தட்டி, நெய் வடிய வடிய எடுத்தது. கூடத்தில் பந்தி. மாமனாருக்கு வலப்பக்கம் என் அப்பா, அதற்கப்புறம் என் வீட்டுக்காரர். ஒப்புட்டை முறைப்படி இலையின் இடக்கோடியில் வைத்தேன்.

வழக்கம் போலத்தான் நடந்தது. வலப்பாதி காலியானது. சோற்றில் வரப்பு விழுந்தது. மாமனார் என் அப்பாவின் இலையை எட்டிப் பார்த்தார்.

"சம்பந்திக்கு மட்டும் ஒப்புட்டா? எனக்கு இல்லியா?"

அவர் முன்னாலேயே இரண்டு ஒப்புட்டு நெய்யில் மினுமினுத்துக்கொண்டிருந்தது. அப்பாவின் முகம் செத்துவிட்டது. தன் மகள் சுட்டதை இப்படிச் சபையில் இல்லை என்கிறாரே என்று கை பிசைவதை நிறுத்திவிட்டார். மாமியார் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்.

நான் சமையலறை வாசலை விட்டு வந்தேன். பந்திக்கு எதிரில் நேராக நடந்து, மாமனார் இலைக்கு முன்னால், அவருக்கு இடப்பக்கமாக ஒதுங்கி உட்கார்ந்தேன். இலையின் இரண்டு கோடியையும் பிடித்தேன். அந்த வழுவழுத்த சிமெண்டுத் தரையில் இலை சொன்னபடி கேட்டது. ஒரு பருக்கை சிந்தாமல் அரைவட்டம் சுற்றி, நுனியை வலப்பக்கம் கொண்டுவந்து நிறுத்தினேன்.

எங்கள் பக்கம் உயிரோடு இருப்பவருக்கு இலையை அப்படி மாற்றிப் போடமாட்டார்கள். அது காரியத்துக்கு, செத்தவர்களுக்குப் படைக்கும்போது செய்வது. மாமியார் போட்ட சத்தத்தில் தொழுவத்து மாடு மிரண்டது.

"அடிப் பாவி! உசுரோட இருக்கறவருக்கு எலையத் திருப்பறியே! கையை எடுடி!"

அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. மாமனார் பேசியதைச் சொல்லவில்லை, அதற்கு முன் நடந்தது. என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார்.

"இருங்கம்மா. அவ என்னமோ பண்றா. பண்ணட்டும்."

மாமனார் இலையைப் பார்த்தார். கண் விரிந்தது. "அட! ஒப்புட்டு! இதெப்ப வெச்சீங்க? அவரைக்காயும் இருக்குது, கடைசலும் இருக்குது! இத்தன நேரம் ஒளிச்சு வெச்சுட்டு வேடிக்கையா பாத்தீங்க?" என்று ஒப்புட்டைப் பிய்த்து வாயில் போட்டார். கண்ணை மூடி மென்றார். "இது என்ற மருமக கைப்பக்குவமில்ல? அவளக் கூப்புடுங்க, எங்க அவ?"

நான் அந்த இடப்பக்கத்திலேயே எழுந்து நின்று, "இங்கதானுங்க மாமா" என்றேன். அவர் வலப்பக்கம் தேடினார். எல்லோரும் பார்த்தார்கள். நான் மெதுவாக அவரைச் சுற்றி நடந்து வலப்பக்கம் வந்தேன். "வந்துட்டியா கண்ணு! இன்னும் ரெண்டு போடு" என்றார். இலை சுத்தமாகக் காலியானது. ஒரு கறிவேப்பிலை மிச்சமில்லை.

முதலில் அழுதது மாமியார்தான். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "தெரியாமப் போச்சு கண்ணு, தெரியாமப் போச்சு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நானும் அழுதேன். சந்தோஷத்தில் அவ்வளவு அழலாம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அப்பா கை கழுவிக்கொண்டு, வந்த வண்டியில் தனியாகத் திரும்பினார். போகும்போது வண்டிக்காரனிடம் மாட்டை வேகமாக ஓட்டச் சொன்னார், அம்மாவிடம் சொல்ல அவ்வளவு அவசரம்.

அடுத்த வாரம் மாமனாரை மறுபடி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். இந்த முறை நான் கதவோரம் நிற்கவில்லை, உள்ளே போனேன். டாக்டர் ஒரு தாளில் கோடுகளைக் கிறுக்கி, எல்லாவற்றையும் குறுக்கே அடிக்கச் சொன்னார். மாமனார் வலப்பக்கத்துக் கோடுகளை மட்டும் அடித்துவிட்டு, முடிந்தது என்று பென்சிலைக் கீழே வைத்தார். டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"கண்ணில் பழுதில்லை அம்மா. கண் பார்த்து அனுப்புகிறது, மூளை வாங்கிக்கொள்ள மாட்டேன் என்கிறது. இப்படிச் சிலருக்கு வரும் என்று படித்திருக்கிறேன், இவருக்கும் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" என்று கேட்டார். நான் இலையைப் பற்றிச் சொன்னேன். சிரித்துவிட்டு இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். அந்தப் பக்கத்தைப் பார்க்க அவரைத் தினமும் பழக்குங்கள், மூளை மெல்லக் கற்றுக்கொள்ளக்கூடும் என்றார்.

பழக்கினேன். இலையின் இடக்கோடியில் ஒரு வரமிளகாயை வைப்பேன். "மாமா, செகப்பா ஒண்ணு கண்ணுல படற வரைக்கும் அக்கட்டால திரும்புங்க" என்பேன். முதலில் எரிச்சல்படுவார், அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை என்று சாதிப்பார். தலையைத் திருப்பித் திருப்பி மிளகாயைக் கண்டுவிட்டால் குழந்தை மாதிரி குதூகலம். பேப்பரின் இடது ஓரத்தில் சாந்துப் பொட்டால் ஒரு கோடு இழுத்து வைத்தேன். கோட்டைத் தேடிப் பிடித்துவிட்டுப் படித்தால் வரி முழுதாக வந்தது. பல நாள் அவர் வலப்பாதியும் நான் இடப்பாதியுமாகச் சேர்ந்து படித்தோம். பேப்பர் யாருக்கு வருகிறது என்று அதற்கப்புறம் அவர் கேட்டதில்லை. மாமியாரோ, சாப்பாட்டின் நடுவில் தானே குனிந்து இலையைத் திருப்புகிற அளவுக்கு வந்துவிட்டார். சாஸ்திரம் பேசின உறம்பரையிடம், "எங்க ஊட்டுல இப்படித்தானுங்க" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிடுவார்.

அன்றிலிருந்து யாராவது சிடுசிடுத்தாலோ முகம் கொடுக்காமல் போனாலோ, இவர் தலைக்குள் எந்த நூல் அறுந்ததோ என்றுதான் எனக்கு முதலில் தோன்றும். நிறையப் பேரை அதனால் மன்னித்திருக்கிறேன். சிலருக்கு எந்த நூலும் அறுந்திருக்காது, வெறும் திமிர்தான், அதையும் கண்டுபிடித்திருக்கிறேன்.

அடுத்த வருஷம் நான் பிள்ளையாண்டிருந்தபோது, சீருக்குச் சூலூரில் என் அப்பா வீட்டில் பெரிய பந்தி நடந்தது. மாமனார் எல்லோருக்கும் நடுவில் உட்கார்ந்தார். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் என்ன சாப்பிடுகிறார், எதை ஒதுக்குகிறார் என்று ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. அங்கே வரமிளகாய் வைக்க யாருக்கும் தெரியாது. வயிற்றைத் தூக்கிக்கொண்டு நான் அவருக்கு இடப்பக்கத்து நிலைப்படியில் நின்றிருந்தேன். வலப்பாதி காலியானது. கை நின்றது. பரிமாறியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மாமனார் இடக்கையைத் தூக்கினார். கிணற்று மேட்டில் விழுந்த அதே கை. இரண்டு கையாலும் இலையைப் பிடித்து, தானே அரைவட்டம் சுற்றினார். பக்கத்தில் இருந்த பெரியவர் பதறிப்போனார்.

"ஏனுங்க! நல்ல காரியத்துல எலையத் திருப்பலாமுங்களா?"

"எனக்குத் தெரியாத பக்கம்னு ஒண்ணு இருக்குதுங்க" என்றார் மாமனார். "என்ற மருமக அங்கதான் நிப்பா."

சொல்லிவிட்டு, தலையை இடப்பக்கம் திருப்பினார். இன்னும் திருப்பினார். தோளும் சேர்ந்து திரும்பியது. நிலைப்படியில் நின்ற என் மேல் கண் வந்து நிற்கும் வரைக்கும் திருப்பினார்.

"சோறு போடு கண்ணு" என்றார்.